சாரை மேடையில் கலாய்க்கலாமா?

மாதத்தின் கடைசி வேலைநாள் மாலையில் தமிழ்நாட்டின் எந்த அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு பணி நிறைவுப் பாராட்டு விழா நடந்துகொண்டிருக்க வாய்ப்புண்டு. ஓய்வு பெறுபவர் நடுவில் அமர்ந்திருப்பார். கழுத்தில் மாலை, தோளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சால்வைகள். மைக் முன்னால் வருகிற ஒவ்வொருவரும் அவரை எளிமையானவர், இனிமையானவர், கடின உழைப்பாளி, அனைவரையும் அரவணைத்துச் சென்றவர் என்பார்கள். அடுத்த மாதம் வேறொருவர் ஓய்வு பெறுவார். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அதே பேச்சு மறுபடியும் ஒலிக்கும். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்து 60 வயதில் வீட்டுக்குப் போகிறவருக்கு, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற ஒரு சட்டையைத்தான் தைத்துக் கொடுக்கிறோம்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு பேச்சு வளர்ந்துவருகிறது. மென்பொருள் நிறுவனத்தின் ஆண்டு விழா, வங்கி மேலாளரின் இடமாறுதல் விருந்து, கல்லூரித் துறையின் வழியனுப்பு விழா போன்ற இடங்களில் ஊழியர் ஒருவர் எழுந்து, மேலதிகாரியை அவர் முன்னாலேயே கலாய்க்கிறார். இளைஞர்கள் இதை ரோஸ்ட் என்கிறார்கள். மரியாதை கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அலுவலகத்துக்கு ஜனநாயகம் வந்துவிட்டது என்று மகிழ்பவர்களும் உண்டு. இரண்டுமே அவசர முடிவுகள். இந்தப் பேச்சு எதைச் சாதிக்கிறது, எங்கே தவறுகிறது, யாரைக் காயப்படுத்துகிறது என்று எடைபோட்ட பிறகே தீர்ப்புக்கு வர வேண்டும்.

முதலில் எல்லையை வரைந்துகொள்வோம். மேலதிகாரியைக் கிண்டல் செய்யாத அலுவலகம் உலகில் இல்லை. எதிரே இருக்கும் டீக்கடையில் அது தினமும் நடக்கிறது. சார் இல்லாத வாட்ஸ்அப் குழு ஒன்று எல்லாக் கிளைகளிலும் இருக்கிறது. அவர் தொண்டையைச் செருமுவதையும் கண்ணாடியைக் கழற்றுவதையும் அப்படியே செய்துகாட்டும் கலைஞர் ஒருவரும் இருக்கிறார். அது புறம்பேச்சு. நாம் பேசுவது வேறு. கிண்டல் நேருக்கு நேர் நடக்க வேண்டும். கிண்டலுக்கு உள்ளாகிறவர் அதற்குச் சம்மதித்திருக்க வேண்டும். கடைசியில் பதில் சொல்ல அவருக்கு இடம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால்தான் நல்லெண்ணக் கிண்டல் என்று அதை அழைக்கலாம். ஒன்று குறைந்தாலும் அது வேறொரு காரியமாகிவிடும்.

இனி மாதிரிக்குச் சில கிண்டல்களை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். கோப்பில் கையெழுத்துப் போடாமல் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பும் பழக்கமுள்ள அதிகாரி ஒருவர். அவருடைய விழாவில் ஒரு ஊழியர் சொல்கிறார்: “இந்த அலுவலகத்தில் ஐயா ‘பேசவும்’ என்று எழுதாத ஒரே தாள், அவருடைய ஓய்வூதிய விண்ணப்பம்தான்.” அரங்கம் சிரிக்கிறது, அதிகாரியும் சிரிக்கிறார். இந்த வரியில் என்ன இருக்கிறது? கூடவே இருந்து பார்த்தவருக்கு மட்டுமே தெரிகிற ஒரு பழக்கம் இருக்கிறது. அதைச் சற்றே பெரிதாக்கும் கற்பனை இருக்கிறது. அடியில் ஒரு பாராட்டும் இருக்கிறது. கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் ‘பேசவும்’ என்று எழுத மாட்டார். படித்துச் சந்தேகப்பட்டவர்தான் எழுதுவார். கடின உழைப்பாளி என்ற நான்கு புகழுரைகள் சொல்லாததை இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. இன்னொருவருடைய விழாவில் இது செல்லாது. நல்ல கிண்டலின் முதல் தகுதி இதுதான்: அதை எழுதுவதற்கு அந்த மனிதரைக் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாதிரி: “நம்ம மேடம் ராத்திரி பதினொரு மணிக்கு ‘அவசரமில்லை’ன்னு மெசேஜ் போடுவாங்க. காலையில் எட்டு மணிக்கு ‘பார்த்தீங்களா?’ன்னு கேப்பாங்க.” இதுவும் கூர்ந்து கவனித்ததுதான், அரங்கமும் சிரிக்கும். ஆனால் இங்கே தயங்க வேண்டியிருக்கிறது. இதற்குள் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. தூக்கம் கெட்டவர்கள் அந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் யாரும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, முதல் முறையாக மேடையில் சிரிப்போடு சிரிப்பாக இதைச் சொன்னால் என்ன ஆகும்? மேடம் சிரிப்பார். அத்துடன் விஷயம் முடிந்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் இரவும் பதினொரு மணிக்கு மெசேஜ் வரும். இதே வரி, அந்தப் பழக்கத்தைப் பற்றி ஏற்கெனவே பேசித் தீர்த்துக்கொண்ட குழுவில் சொல்லப்பட்டால் அருமையான கிண்டல். பேசவே முடியாத குழுவில் சொல்லப்பட்டால், புகாரைச் சிரிப்பில் கரைத்துவிடும் வேலையைத்தான் செய்யும். சொற்கள் மாறவில்லை. சுற்றியிருக்கும் அலுவலகம் மாறுவதால் தகுதி மாறுகிறது.

மூன்றாவது மாதிரி, சாருடைய வழுக்கையைப் பற்றியது, அல்லது தொந்தியைப் பற்றியது, அல்லது அவர் ஆங்கிலம் உச்சரிக்கும் விதத்தைப் பற்றியது. இதற்கு விரிவான ஆராய்ச்சி தேவையில்லை. கண் இருக்கிற எவரும் சொல்லிவிடலாம். கூட வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. கவனிப்பு இல்லாததால் கிண்டலுக்கு உரிய ஒரே நியாயமும் போய்விடுகிறது.

பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு, சிரிப்பு பிறக்கும் இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏதோ ஒரு வரம்பு மீறப்பட வேண்டும். அதே நொடியில் அந்த மீறல் தீங்கற்றதாகவும் தோன்ற வேண்டும். மீறல் இல்லையென்றால் சப்பென்றிருக்கும். தீங்கு தெரிந்தால் வலிக்கும். நம் விழாப் பாராட்டுரை முதல் வகை, வழுக்கைக் கிண்டல் பெரும்பாலும் இரண்டாம் வகை. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தீங்கு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமை பேசுகிறவருக்கு இல்லை. “சும்மா தமாஷுக்குத்தான் சொன்னேன்” என்பது பேசியவர் தரும் சான்றிதழ். பட்டவர் தரும் சான்றிதழ் மட்டுமே செல்லும்.

இந்த வடிவம் வெளிநாட்டுச் சரக்கு என்ற குற்றச்சாட்டைப் பலமுறை கேட்கிறோம். ரோஸ்ட் என்ற பெயரும் தொலைக்காட்சி வடிவமும் அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். நியூயார்க்கில் 1904-இல் தொடங்கிய ஃபிரையர்ஸ் கிளப் என்ற கலைஞர் சங்கம் அதை வளர்த்தது. 1970-களில் டீன் மார்ட்டின் அதைத் தொலைக்காட்சி மூலம் வீடுதோறும் கொண்டுபோனார். ஆனால் ஆளைக் கேலி செய்தே அன்பு காட்டும் வழக்கத்துக்குத் தமிழர்கள் யாரிடமும் கடன்படவில்லை. மாமன் மகனும் அத்தை மகளும், மைத்துனரும் மைத்துனரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளாத கல்யாண வீடு உண்டா? இப்படிக் கேலி செய்ய வழக்கமே உரிமை தருகிற, கேலிக்கு உள்ளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று வழக்கமே கட்டளையிடுகிற உறவுகளைப் பற்றி மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது.

மச்சானை விடுங்கள், மேலதிகாரியையே கலாய்த்த மரபும் நமக்கு உண்டு. சுந்தரரைவிடப் பெரிய சான்று வேண்டுமா? பெரியபுராணக் கதைப்படி அவர், முன்னோர் ஓலை எழுதிக் கொடுத்த வழியில் வந்த அடிமை. புத்தூரில் தன் திருமணப் பந்தலுக்கே தன்னை ஆள வந்த முதலாளியான சிவபெருமானைப் பித்தன் என்று ஏசினார். பிறகு திருவெண்ணெய்நல்லூரில் அந்த ஏச்சையே முதற்சொல்லாக வைத்துப் பாடும்படி இறைவன் கேட்டதாகச் சேக்கிழார் சொல்கிறார். காஞ்சிபுரத்து ஓணகாந்தன்தளிப் பதிகத்தில் சுந்தரர் முதலாளியின் குடும்பத்தையே வரிசையாக நிறுத்துகிறார். தலையில் இருக்கும் கங்கை வாய் திறப்பதில்லை, மூத்த பிள்ளைக்கு வயிறே பெரிது, இளையவன் இன்னும் குழந்தை, இப்படிப்பட்ட வீட்டில் எங்களால் ஊழியம் பார்க்க முடியாது என்று முறையிடுகிறார். நித்தமும் பூசை செய்கிறவர்கள் கையில் காசில்லை என்ற குறையும் அதே பதிகத்தில் இருக்கிறது. கிண்டலும் கோரிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. அங்கே அவர் பொன் பெற்றார் என்பது மரபு. ஆண்டானுக்கும் அடிமைக்கும் நடுவே தோழமை உட்கார்ந்திருந்ததால் அந்தப் பேச்சு நடந்தது. அவருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர்.

ரோமாபுரியிலிருந்து இன்னொரு சான்று. கி.மு. 46-இல் ஜூலியஸ் சீசர் வெற்றி ஊர்வலம் வந்தபோது அவருடைய சொந்தப் படைவீரர்களே தேரின் பின்னால் அவரைக் கேலி செய்து பாடிக்கொண்டு போனார்கள். வெற்றி ஊர்வலத்தில் தளபதியைக் கேலி செய்வது அங்கே பழைய வழக்கம். வழுக்கையையும் பெண் தொடர்புகளையும் பாடினார்கள். தங்கள்மீது கோபப்பட மாட்டார் என்ற நம்பிக்கையைத்தான் அந்தத் துணிச்சல் காட்டுகிறது என்று சீசர் மகிழ்ந்ததாக வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். ஆனால் பித்தினியா மன்னன் நிக்கோமிடிஸோடு அவரை இணைத்து வெகுகாலமாக உலவிய வதந்தியைத் தொட்டதும் சீசருக்குப் பொறுக்கவில்லை. அப்படி எதுவும் இல்லையென்று சத்தியம் செய்தார். சத்தியம் செய்ததால் சிரிப்பு இன்னும் கூடியதுதான் மிச்சம்.

இந்த நிகழ்ச்சி நம் விசாரணைக்கு இரண்டு வகையில் உதவுகிறது. உலகை வென்றவருக்கும் தொடக்கூடாத ஓர் இடம் உண்டு, அந்த இடம் எதுவென்று வெளியிலிருந்து கணிக்க முடியாது என்பது ஒன்று. வழுக்கையைத் தாங்கியவர் வதந்தியைத் தாங்கவில்லை. வேறொருவர் வதந்தியை அலட்சியம் செய்து வழுக்கைக்கு உடைந்துபோகலாம். ஆகவே சம்மதம் என்பது ‘நாளைக்கு உங்களைக் கலாய்க்கப் போறோம் சார்’ என்று பொதுவாகச் சொல்வதோடு முடிவதில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே கேட்டறிவதும் அதில் அடங்கும். இன்னொன்று, கேலிக்கு உள்ளானவரின் பதிலும் அந்த நிகழ்ச்சியின் பகுதிதான். பதில் சொல்லத் தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல கிண்டலும் நாசமாகும்.

பதில் சொல்லும் கலைக்கு நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை, பட்டிமன்றம் இருக்கிறது. சாலமன் பாப்பையா நடுவராக அமர, ராஜாவும் பாரதி பாஸ்கரும் அவரைச் சீண்டிப் பேசுவதையும், அவர் திருப்பிச் சீண்டுவதையும் தமிழ்நாடு பண்டிகைதோறும் வீட்டில் உட்கார்ந்து ரசித்திருக்கிறது. தீர்ப்பு சொல்லும் அதிகாரம் நடுவர் கையில் இருக்கிறது. இருந்தும் அவரைச் சீண்ட முடிகிறது. சீண்டலுக்காக அவர் ஒரு அணிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். நம் பாராட்டு விழாக்களிலும் இதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது, அதன் பெயர் ஏற்புரை. விழா நாயகர் கடைசியில் எழுந்து பேசும் அந்தப் பத்து நிமிடம், இன்று பெரும்பாலும் நன்றிப் பட்டியலாக வீணாகிறது. கிண்டலுக்கு அவர் தரும் பதிலாக அது மாறினால் விழாவே உயிர்பெறும்.

இதுவரை வடிவத்துக்குச் சாதகமாகவே பேசினோம். எதிர்வாதங்களில் வலுவானது அதிகாரம் பற்றியது. தொலைக்காட்சி ரோஸ்ட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் சமமானவர்கள். ஒரு நடிகரை இன்னொரு நடிகர் கலாய்க்கிறார். 2014 டிசம்பரில் மும்பையில் ரன்வீர் சிங்கையும் அர்ஜுன் கபூரையும் மேடையேற்றி ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு நடத்திய நிகழ்ச்சி வழக்கு வரை போனது. அங்கே ஆபாசம்தான் பிரச்சினையாயிற்று. பேசியவர்களுடைய சம்பள உயர்வு யார் கையிலும் சிக்கியிருக்கவில்லை. அலுவலகத்தில் நிலைமை வேறு. பேசுகிறவரின் மதிப்பீட்டு அறிக்கையை எழுதப்போவதே கேட்டுக்கொண்டிருப்பவர்தான்.

சமூகவியலாளர் ரோஸ் கோசர் அமெரிக்க மனநல மருத்துவமனை ஒன்றின் ஊழியர் கூட்டங்களை உட்கார்ந்து கவனித்து 1960-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட்டத்தில் அதிகம் ஜோக் அடித்தவர்கள் மூத்த மருத்துவர்கள். அவர்களுடைய கேலி இளையவர்கள் மேல் இறங்கியது. இளையவர்களோ நோயாளிகளையும் தங்களையுமே கேலி செய்துகொண்டார்கள். எதிரே அமர்ந்திருந்த மூத்தவரைத் தொடவில்லை. அதிகாரம் எந்தப் பக்கம் பாய்கிறதோ சிரிப்பும் அதே பக்கம்தான் பாய்கிறது. மேல்நோக்கிப் பாயும் கிண்டல் இயற்கையாக நடப்பதில்லை. அதற்கு யாராவது வழி செய்து கொடுக்க வேண்டும்.

மேலதிகாரி வாயால் அனுமதி தந்துவிட்டால் வழி பிறந்துவிடுமா? ஜப்பானிய நிறுவனங்களின் மாலை விருந்துகளில் ‘இன்று பெரியவர் சிறியவர் பார்க்க வேண்டாம்’ என்று தலைவர் அறிவிக்கும் வழக்கம் உண்டு, புரெய்கோ என்பார்கள். அதை அப்படியே நம்பிப் பேசிவிடக் கூடாது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஜெர்மனியின் ரைன் பகுதியில் நிலைமை வேறு. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை, பெண்கள் கத்தரிக்கோலோடு வந்து ஆண்களின் டையை வெட்டுவார்கள். மேலாளரின் டைக்கும் விலக்கில்லை. வெட்டுப்படப்போவது தெரிந்தே பழைய டையைக் கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. முதல் அனுமதி ஒருவருடைய மனநிலையைச் சார்ந்தது, நாளைக்கே திரும்பப் பெறப்படலாம். இரண்டாவது அனுமதியை ஊர் வழக்கம் கொடுத்திருக்கிறது; மேலாளர் விரும்பினாலும் கோபித்துக்கொள்ள முடியாது. ஒற்றை அதிகாரியின் தாராள மனத்தை நம்பி இளைய ஊழியரை மேடையேற்றுவது ஆபத்தானது. ஒப்பந்த ஊழியரையும் பயிற்சிக் காலத்தில் இருப்பவரையும் ‘நீதான்பா நல்லா பேசுவே’ என்று தள்ளிவிடுவது அநியாயம். பேசுகிறவர் இழப்பதற்கு எதுவும் இல்லாத நிலையில் இருக்க வேண்டும். அதனால்தான் விடைபெறும் நாள் இதற்குப் பொருத்தமான நாள். அன்று அதிகாரம் ஏற்கெனவே கைமாறிவிட்டது.

அடுத்த எதிர்வாதம் இன்னும் ஆழமானது. மேக்ஸ் கிளக்மன் என்ற மானிடவியலாளர், தென்கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகங்களில் மன்னரை ஆண்டுக்கொரு முறை இகழ்ந்து பாடும் சடங்குகளை ஆராய்ந்து 1950-களில் ஒரு முடிவுக்கு வந்தார். அந்த இகழ்ச்சி மன்னராட்சியை அசைக்கவில்லை, உறுதிப்படுத்தியது என்பதே அவர் கணிப்பு. இதை அலுவலகத்துக்குப் பொருத்தினால், ஆண்டு விழாவில் ஒரு மணி நேரம் கலாய்க்க விட்டுவிட்டு மீதி 364 நாட்களும் வாயை அடைத்துவிடலாம் என்றாகிறது. இது உண்மையாக நடக்கக்கூடியது. இரண்டாவது மாதிரியில் நாம் பார்த்தது இதைத்தான். ஆனால் இது கிண்டலின் தவிர்க்க முடியாத விதி என்று ஏற்க முடியாது. சுந்தரர் பாட்டில் கிண்டல் கோரிக்கையை மூடவில்லை, சுமந்துகொண்டு போனது. அங்கே கேட்பதற்கு வழி இருந்தது. கிண்டல் வாயடைப்பாக மாறுகிறதா, வாய்திறப்பாக மாறுகிறதா என்பதை அந்த ஒரு மணி நேரம் தீர்மானிப்பதில்லை. மீதி 364 நாட்கள் தீர்மானிக்கின்றன.

சில எல்லைகளுக்கு வாதமே தேவையில்லை. சாதியைத் தொடும் கிண்டல், பட்டவர் சிரித்தாலும் இழிவுதான். பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பிறர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமதிப்பதை 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பாலியல் சாயல் கொண்ட பேச்சைப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலில் சேர்க்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். மேலதிகாரி பெண்ணாக இருக்கும்போது இன்னொரு பிழையும் நுழைகிறது. ஆண் அதிகாரியிடம் கண்டிப்பு என்று சொல்லப்படுவது, பெண் அதிகாரியிடம் எரிச்சல் என்று மேடையேறுகிறது. அவருடைய சேலையும் வீட்டு நிலவரமும் பேச்சுக்குள் வருகின்றன. அவர் வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் அவரைக் கலாய்த்து முடித்தால், அது வழுக்கை ஜோக்கைவிட மோசமான சோம்பல். நிறம், உடல், உச்சரிப்பு, பிறப்பு ஆகியவை அவர் தேர்ந்தெடுத்தவை அல்ல. ‘பேசவும்’ என்று எழுதுவது அவர் தேர்ந்தெடுத்தது. நல்ல கிண்டல் தேர்ந்தெடுத்ததை மட்டும் தொடும்.

மேலதிகாரிக்கும் ஒரு வரம்பு உண்டு. ஏற்புரையில் திருப்பிக் கலாய்க்கலாம், ஆனால் கீழே இருப்பவரைக் குத்துவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. தலைவரின் நகைச்சுவையைப் பற்றிக் காய் சி யாமும் குழுவினரும் செய்து 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒரு எச்சரிக்கை தருகிறது. தலைவரின் கேலி, விதிகளை மீறலாம் என்ற செய்தியையும் ஊழியர்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. கேலி குத்தலாக இருந்தால் அந்தச் செய்தி இன்னும் வலுவாகிறது. அவர் தன்னைத் தானே இரண்டு படி கூடுதலாகக் கலாய்த்துக்கொள்வதே சிறந்த பதில். ‘ஓய்வூதிய விண்ணப்பத்திலும் பேசவும் என்றுதான் எழுத நினைத்தேன், யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை’ என்று அந்த அதிகாரி சொல்லியிருந்தால், அந்த மாலையை யாரும் மறக்க மாட்டார்கள்.

இப்போது தீர்ப்பு. மேலதிகாரியை நல்லெண்ணத்தோடு மேடையில் கலாய்ப்பது தகும். யாருக்கும் பொருந்தும் புகழுரையைவிட அது உயர்ந்த மரியாதை என்றே சொல்வேன். ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் கவனித்தோம் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் சுதந்திரத்துக்குச் சான்றாகலாமே தவிர, இல்லாத சுதந்திரத்தைக் கொண்டுவர அதனால் முடியாது. அச்சம் ஆளும் அலுவலகத்தில் நடக்கும் கிண்டல் இரண்டில் ஒன்றாகத்தான் முடியும்: வேஷம் கட்டிய முகஸ்துதி, அல்லது பேசியவரின் தலையில் விழும் இடி.

ஆகவே நிகழ்ச்சி நிரலில் ரோஸ்ட் என்று எழுதுவதற்கு முன் விழாக் குழுவினர் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கடந்த ஆண்டில் யாராவது ஒருவர் அந்த மேலதிகாரியின் அறைக்குப் போய் “இது சரியில்லை சார்” என்று நேராகச் சொல்லியிருக்கிறாரா? சொன்ன பிறகு அவர் பதவி உயர்வையோ விடுப்பையோ நிம்மதியையோ இழக்காமல் இருக்கிறாரா? ஆம் என்றால் தாராளமாக மைக்கைக் கொடுங்கள், அந்தக் கிண்டலை அதிகாரியே முதல் ஆளாக ரசிப்பார். இல்லை என்றால் அந்த மாலை சால்வையோடு முடியட்டும். கிண்டல் எழுதச் செலவழிக்கவிருந்த உழைப்பை, அந்த அறைக்குள் பயமில்லாமல் போய்ப் பேசும் வழியை உண்டாக்கச் செலவிடுங்கள். அது கைகூடிய பிறகு வரும் விழாவில் கலாய்ப்பதற்கு நிறைய இருக்கும்.